பெல்லி டான்ஸ்: உழைத்துக் களைத்த இடுப்புக்கு இந்த ஆட்டம் என்ன தரும்?

"நாள் முழுக்க மலை ஏறி எறங்குற பொம்பளைக்கு இதுக்கு மேல என்ன எக்சசைஸ்?" இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. விடிகாலையில் எழுந்து சமைத்து, பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போய், மலையில் நின்று கொழுந்தெடுத்து, நிறுவை முடிந்து வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறவளைப் பார்த்து, உனக்கு உடம்பு அசையவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அவளிடமே எங்கெங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கழுத்து, தோள்பட்டை, நடு முதுகு, இடுப்பு, முழங்கால் என்று வரிசையாகச் சொல்லுவாள். இவ்வளவு உழைக்கிற உடம்பு பலப்படாமல் ஏன் தேய்ந்துபோகிறது?

வேலையில் உடம்பு படும் பாடு வேறு, விருப்பத்தோடு உடம்பை அசைப்பது வேறு. டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையை, கூலி வேலையில் வரும் உடலுழைப்பு அப்படியே தருவதில்லை என்பது அவர்கள் சொல்வது. வேலையில் ஒரே நிலையில் நீண்ட நேரம் நிற்க வேண்டும், பாரம் தூக்க வேண்டும், வேண்டியபோது நிறுத்தி ஓய்வெடுக்க முடியாது. வேகத்தைத் தீர்மானிப்பது நாமில்லை.

அதனால்தான் மலையகப் பெண்களுக்கு ஏற்ற பயிற்சி எது என்று யோசிக்கும்போது பெல்லி டான்ஸ் என் மனதில் முன்னால் வந்து நிற்கிறது. கேட்டவுடன் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். பழைய தமிழ்ப் படங்களில் வில்லனுடைய கிளப்பில் ஒருத்தி வந்து ஆடுவாளே, அந்தக் காட்சிதான் நம் நினைவில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஆட்டம் உண்மையில் என்ன என்று முதலிலிருந்து பார்ப்போம்.

ஆட்டம் பிறந்த இடம்

எகிப்து, லெபனான், சிரியா, துருக்கி என்று அந்தப் பக்கம் முழுவதும் ஆடப்படும் ஆட்டம் இது. ஊருக்கு ஊர் நடை மாறும். அரபுக்காரர்கள் மேடையில் ஆடுவதை ரக்ஸ் ஷர்கி என்பார்கள். வீட்டு விசேஷத்தில் சாதாரணமாக ஆடுவதை ரக்ஸ் பலதி என்பார்கள். கல்யாணம், நிச்சயதார்த்தம், பிள்ளை பிறந்த கொண்டாட்டம் என்று எது வந்தாலும் பெண்கள் கூடிவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். பாட்டியும் ஆடுவாள், பேத்தியும் ஆடுவாள். பல வீடுகளில் அந்த அறைக்குள் ஆண்களுக்கு வேலையே இல்லை.

வெளியுலகத்துக்கு இது போன பாதை வேறு. 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதில் கெய்ரோ வீதி என்று ஒரு பகுதியை அமைத்து, அங்கே இந்த ஆட்டத்தைக் காட்டினார்கள். வயிற்று ஆட்டம், அதாவது பெல்லி டான்ஸ் என்று ஐரோப்பியர் வைத்த பெயர் அமெரிக்காவில் ஊரெல்லாம் பரவியது அப்போதுதான். 1926இல் பதியா மசாப்னி என்ற பெண் கெய்ரோவில் ஓர் அரங்கு தொடங்கினார். வீட்டுக்குள் ஓரிடத்தில் நின்று ஆடிய ஆட்டம், கைகளை விரித்து மேடை முழுவதும் நடந்து ஆடும் ஆட்டமாக வளர்ந்ததில் அந்த அரங்குக்குப் பெரிய பங்குண்டு. அங்கே ஆடிய தஹியா கரியோகா, சாமியா கமால் இருவரும் எகிப்திய சினிமாவில் பெரும் புகழ் பெற்றார்கள். மணி கோத்த மார்க்கச்சும் இடுப்புப் பட்டையும் பரவியது இந்த மேடைக் காலத்தில்தான். வீட்டில் ஆடுகிறவர்களோ உடுத்திய கவுனின் மேலேயே ஒரு சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். நாம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்போவது இந்த வீட்டு ஆட்டத்தைத்தான்.

நம் ஆட்களுக்கு இது முழுக்க அந்நியமும் இல்லை. மலையகத்திலிருந்து எத்தனையோ பெண்கள் லெபனானுக்கும் ஜோர்தானுக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். லெபனானில் வேலை செய்துவிட்டு வந்த ஓர் அக்கா, பேச்சு வாக்கில் தன் துப்பட்டாவை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டு குசினிக் கதவோரம் நின்று ஆடிக் காட்டினார். முகம் நம்மைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தது, தோள் அசையவில்லை, இடுப்பு மட்டும் தனியாக ஒரு வட்டம் போட்டது. "அங்க கல்யாண வீட்ல கெழவிகூட உக்காந்த எடத்துலயே ஆடுவா. நா சமையக்கட்டுல நின்னு பாத்து பாத்துப் படிச்சதுதான்" என்றார். அவர் சொன்னதில் ஆட்டத்தின் அடிப்படை அப்படியே இருக்கிறது. பெரிய இடம் வேண்டாம், இளவயதும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

உடம்பு எப்படி அசைகிறது

மற்ற ஆட்டங்களில் கால் அடவுதான் முதலில் கண்ணில் படும். பரதத்தில் அரைமண்டி போட்டுத் தட்டி ஆடுகிறார்கள். கண்டிய நடனத்திலும் முழங்காலை அகல மடித்து அமர்ந்துதான் தொடங்குகிறார்கள். பெல்லி டான்ஸில் கால் பெரும்பாலும் தாங்கி நிற்கும்; ஆடுவது உடம்பின் நடுப்பகுதி. அதிலும் ஒரு பகுதி ஆடும்போது மற்றப் பகுதி அமைதியாக இருக்க வேண்டும். இடுப்பு சுழன்றால் நெஞ்சு நிற்கும். நெஞ்சு உயர்ந்து இறங்கினால் இடுப்பு நிற்கும். இப்படிப் பிரித்து அசைப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். உடம்புக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதியும் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் நிற்கப் பழக வேண்டும். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு இருக்கட்டும். முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டாமல் லேசாகத் தளர்த்துங்கள். பின்பக்கத்தை வெளியே தள்ளாமலும் உள்ளே இழுக்காமலும், வால் எலும்பு நேராகத் தரையைப் பார்க்கும்படி நில்லுங்கள். நெஞ்சு உயரட்டும், தோள் இறங்கட்டும், தாடை தரைக்குச் சமமாக இருக்கட்டும். சரி, இப்படி இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கூடை சுமந்து பழகிய கழுத்து முன்னால் நீளப் பார்க்கும். அதைப் பின்னால் கொண்டுவருவதே ஒரு பயிற்சி.

அடுத்தது இடுப்பு வட்டம். இடுப்பை முன்னால், வலப் பக்கம், பின்னால், இடப் பக்கம் என்று மெதுவாகக் கொண்டுபோய், நாலு முனைகளையும் இணைத்தால் வட்டம் வந்துவிடும். அப்புறம் எட்டு. வலது இடுப்பு முன்னால் போய், வெளியே சுற்றிப் பின்னால் வரும். வந்தவுடன் இடது இடுப்பு அதையே செய்யும். மேலிருந்து பார்த்தால் படுத்த எட்டு மாதிரி இருக்கும். கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா இந்த எட்டை முதல்முறை போட்டபோது பக்கத்தில் நின்று கவனித்தேன். இடுப்பை அசை என்றால் தோள் முந்திக்கொண்டு போகிறது. தோளை நிறுத்து என்றால் மூச்சை அடக்கிக்கொள்கிறார். வலப் பக்கம் ஓரளவு சுற்றியது, இடப் பக்கம் பூட்டிப்போனதுபோல் நின்றது. அவருடைய இடுப்பில் இரண்டு கைகளையும் வைக்கச் சொன்னோம். தன் கைக்குள் எலும்பு நகர்வதை உணர்ந்த பிறகுதான் இடப் பக்கமும் மெல்லத் திறந்தது. "இது எனக்குள்ள இருந்துச்சா" என்று சிரித்தார். தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வேன்: கண்ணாடி இல்லாவிட்டால் பரவாயில்லை, கையை வைத்துப் பழகுங்கள்.

மூன்றாவது இடுப்பு இறக்கம். ஒரு காலின் குதிகாலைச் சற்று உயர்த்தி, அந்தப் பக்க இடுப்பைத் தூக்கி, தாளத்தின் அடி விழும்போது டக்கென்று இறக்க வேண்டும். நான்காவது அலை. நெஞ்சிலிருந்து மேல்வயிறு, அடிவயிறு என்று ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் போய் உள்ளே வரும். இது வர நாளாகும், அவசரப்பட வேண்டாம். கடைசியாக ஷிம்மி. இரண்டு முழங்கால்களையும் மாற்றி மாற்றிச் சிறிதாக, வேகமாக அசைத்தால் மா சலிக்கும்போது சல்லடை குலுங்குவதுபோல இடுப்பு தானாகக் குலுங்கும். இடுப்பை வேண்டுமென்று ஆட்டினால் வராது. தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கினால் நின்றுவிடும். தளர்த்தினால்தான் வரும்.

தாளம் பிடிப்பது நம்மவர்களுக்குச் சிரமமாக இருக்காது. தர்புக்கா என்ற குடுவை வடிவ மேளம்தான் இந்த ஆட்டத்துக்கு முதுகெலும்பு. தோலின் நடுவில் விழும் கனத்த அடி தும், விளிம்பில் விழும் கூரிய அடி தெக். மக்ஸூம் என்ற தாளம் தும் தெக், தெக் தும், தெக் என்று நாலு எண்ணிக்கையில் ஓடும். திருவிழாவிலும் கூத்திலும் தப்பு மேளச் சத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

மலை வேலை செய்வதும் ஆட்டம் செய்வதும்

கொழுந்தெடுக்கும் பெண் எப்படி நிற்கிறாள் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. மேலே இருக்கும் முழங்கால் மடங்கியிருக்கும், கீழே இருப்பது நீண்டிருக்கும். இடுப்பு சாய்ந்தே இருக்கும். படங்குத் துணி கட்டிய இடுப்பைத் தேயிலைச் செடியில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளும் முன்னால் நீண்டு வேகமாக ஓடும். கூடையின் கயிறு தலையில் பதிந்து, பாரம் முழுவதும் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகப் பை வந்துவிட்டது. பாரம் மட்டும் போகவில்லை. விரல்கள் ஆயிரக்கணக்கான தடவை அசைகின்றன. கால்கள் ஏறி இறங்குகின்றன. இடுப்போ பாரம் தாங்குகிற வேலையை மட்டும் செய்கிறது. சுழல்வதற்கும் உருள்வதற்கும் அதற்கு வாய்ப்பே இல்லை. கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கும், கார்மென்ட்ஸில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் பிள்ளைகளுக்கும், பஸ்ஸில் வளைந்து வளைந்து பள்ளிக்குப் போகும் ஆசிரியைகளுக்கும் கதை வேறு மாதிரி என்றாலும் இடுப்பின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான்.

முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகளுக்கு வளர்ந்தவர்களின் உடம்பில் நேரடியான இரத்த ஓட்டம் மிகக் குறைவு. பக்கத்து எலும்பிலிருந்து ஊறிவரும் ஊட்டத்தில்தான் அவை வாழ்கின்றன. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போது அந்த ஊறல் நன்றாக நடக்கும். ஒரே பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தால் நடக்காது. இடுப்பு வட்டமும் எட்டும் செய்வது இந்த மாற்றத்தைத்தான்: பாரமில்லாமல், வலிக்காத அளவில், எல்லாப் பக்கமும் அழுத்தித் தளர்த்துகின்றன. மூட்டுகளுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவமும் அசைவில்தான் பரவுகிறது.

வயிற்றுத் தசைகளுக்கு வருவோம். வயிறு என்றால் முன்னால் தெரிகிற தசை மட்டும் இல்லை. அதற்கும் உள்ளே, இடுப்பைச் சுற்றிக் குறுக்காக ஓடும் ஆழமான தசை ஒன்று இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டிச் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. கீழே, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இருக்கின்றன. மேலே மூச்சை நடத்தும் உதரவிதானம். இந்த நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துழைத்தால்தான் நடுவுடம்பு உறுதியாக இருக்கும். பிள்ளை பெற்ற பிறகு இந்த ஒத்துழைப்பு குலைந்துபோகும். அந்த நிலையிலேயே பாரம் தூக்கத் தொடங்கிவிட்டால் முழுச் சுமையும் முதுகுக்குப் போய்விடும். நெஞ்சை நிறுத்திவைத்து இடுப்பை அசைப்பதற்கும், இடுப்பை நிறுத்திவைத்து நெஞ்சை அசைப்பதற்கும் இந்த ஆழத் தசைகள் வேலை செய்தே ஆக வேண்டும். மூச்சை அடக்காமல் ஆடுவது அதனால்தான் முக்கியம்.

தளர்ந்த முழங்காலோடு நிற்பதால் தொடையும் பின்பக்கமும் பலப்படும். ஒரு காலில் பாரத்தை மாற்றி மாற்றி இறக்குவதால் சமநிலை கூடும். மழையில் வழுக்கும் படிக்கட்டிலும் ஒற்றையடிப் பாதையிலும் நடக்கிறவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. வேகமான பாட்டுக்குப் பத்து நிமிடம் ஷிம்மி அடித்தால் மூச்சு வாங்கும், வியர்க்கும். வளர்ந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. அந்தக் கணக்கில் இந்த ஆட்டத்தையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

மாதவிடாய் வலியைப் பற்றித் தனியாகக் கேட்பவர்கள் உண்டு. ஒரு தடவைக்கு 45 முதல் 60 நிமிடம் வரை, வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு வலி குறைந்ததாக பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2019இல் வந்த கொக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. அது எல்லா வகைப் பயிற்சியையும் சேர்த்துப் பார்த்தது, சான்றின் தரமும் உயர்ந்ததில்லை. ஆனாலும் அடிவயிற்றையும் இடுப்பையும் மெதுவாக அசைக்கும்போது கிடைக்கும் சுகம் முயன்று பார்க்கத் தகுந்தது.

தொப்பை கரையுமா என்று கேட்டால், வயிற்றை ஆட்டினால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. அப்படிச் சொல்லி விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

மனதுக்கு

எனக்கு இதுதான் ஆட்டத்தின் பெரிய கொடையாகப் படுகிறது. நம் பெண்களுக்கு வயிறு என்றால் பசி, பிள்ளை, ஒப்பரேஷன் தழும்பு, பிறர் பார்க்கக்கூடாத இடம். உடம்பு என்றால் கிலோ. இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். வேலை செய்ய முடிகிறதா இல்லையா என்பதைத் தாண்டி அந்த உடம்பைப் பற்றி யாரும் அவளிடம் கேட்பதில்லை. வீட்டிலும் அவளுடைய இடுப்பு குடம் தூக்கவும் பிள்ளை தூக்கவும்தான். அந்த இடுப்பு யாருக்காகவும் இல்லாமல், எதையும் சுமக்காமல், தாளத்துக்காக மட்டும் அசையும் பத்து நிமிடம் ஒரு பெண்ணுக்குள் எதையோ நிமிர்த்தி வைக்கிறது. எட்டு வந்துவிட்டது என்று தெரியும் நொடியில் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

2014இல் அவுஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வெளியானது. பெல்லி டான்ஸ் ஆடும் 112 பெண்களையும், கல்லூரியில் படிக்கும் 101 பெண்களையும் ஒப்பிட்டார்கள். ஆடும் பெண்கள் தங்கள் உடம்பைக் குறித்து அதிக நிறைவோடு இருந்தார்கள். வெளியிலிருந்து பிறர் பார்ப்பதுபோலத் தன் உடம்பைத் தானே எடைபோட்டுக்கொண்டிருக்கும் பழக்கமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே உடம்போடு சமாதானமாக இருப்பவர்கள்தான் ஆட வந்தார்களா, ஆடியதால் அப்படி ஆனார்களா என்பதை இந்த ஒப்பீடு மட்டும் சொல்லிவிடாது. பிரேசிலில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்களோடு 12 வாரம் பெல்லி டான்ஸ் வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். ஆடியவர்களிடம் களைப்பும் மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்று 2018இல் எழுதினார்கள். சிறிய, முன்னோட்ட ஆய்வுதான். ஆனாலும் நோயில் அடிபட்ட உடம்புக்கே இந்த ஆட்டம் ஏதோ ஒன்றைத் தந்திருக்கிறது.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் பள்ளி மாணவர்களைக் குழுக் குழுவாக ஆட வைத்தார்கள். சிலர் எல்லோரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடினார்கள், சிலர் ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒத்திசைந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் எல்லை உயர்ந்திருந்தது, கூட ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியிருந்தது. 2015இல் வெளியான முடிவு இது. உடம்பு வலியும் மனப்பாரமும் ஒன்றாகவே கிடக்கும் நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), தனியாக ஆடுவதைவிட நாலு பேர் சேர்ந்து ஆடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனக்கவலை உள்ளவர்களுக்கு இந்த ஆட்டம் வேறொரு விதத்திலும் உதவும். இடுப்பு ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று கவனம் பிரியும்போது கடன், சீட்டுக்காசு, மகனுடைய படிப்பு என்று சுற்றிக்கொண்டே இருக்கும் எண்ணம் கொஞ்ச நேரம் விலகி நிற்கும். ஷிம்மி வருவதற்குத் தளர வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? எப்போதும் இறுகியே இருக்கும் உடம்புக்குத் தளர்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகள் அதிகமில்லை. தீராத மனச்சோர்வுக்கு மட்டும் ஆட்டத்தை மருந்தாக நினைத்துவிடாதீர்கள். தூக்கம் போய், சாப்பாடு போய், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

"நம்ம பழக்கத்துக்கு ஒத்து வருமா?"

இடுப்பை அசைப்பது அசிங்கம் என்ற எண்ணம் நம்மிடம் எப்போது வந்தது? கரகம் தலையில் நிற்க வேண்டுமானால் கீழே இடுப்பு வேலை செய்தாக வேண்டும். கும்மி சுற்றும்போது குனிந்து நிமிரும் இடுப்பைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. மாசி பங்குனியில் காமன் கூத்தில் ஓர் ஆண் ரதி வேடம் கட்டி ஆடும்போது லயமே கூடி நின்று பார்க்கிறது. ஆடும் உடம்பை நாம் மதித்தவர்கள்தான். பெண் தனக்காக ஆடுவது மட்டும் ஏன் தவறாகத் தெரிகிறது என்று வீட்டில் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இடையைத் திறந்து காட்ட வேண்டிய அவசியம் எதுவும் இந்த ஆட்டத்தில் இல்லை. கவுனோ, சல்வாரோ, பாவாடையோ போதும். ஆண்களும் இதே பயிற்சியைத் தாராளமாகச் செய்யலாம்.

தொடங்குவது எப்படி

லயத்துக் காம்பரா என்ற அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கட்டிலும் பெட்டியும் போக நிற்க இடம் இருந்தால் போதும், இந்த ஆட்டத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. சீமெந்துத் தரை குளிரும். வெறும் பாய் விரித்தால் வழுக்கும், காலுறை போட்டாலும் வழுக்கும். பழைய கார்ப்பெட் துண்டு கிடைத்தால் அதில் வெறுங்காலோடு நில்லுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் காலையில் உடம்பு விறைத்துத்தான் இருக்கும். எடுத்தவுடன் வேகமாக ஆடக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடந்து, தோளைச் சுழற்றி, உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து வந்த கையோடு வேண்டாம். தேத்தண்ணி குடித்து, கால் நீட்டிக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் தொடங்கலாம்.

முதல் மாதத்துக்கு 15 நிமிடம், வாரத்தில் மூன்று நாள் போதும். நிற்கும் நிலை, வட்டம், எட்டு. இந்த மூன்றும் மூச்சை அடக்காமல் வந்த பிறகு இறக்கத்துக்கும் ஷிம்மிக்கும் போகலாம். போனில் யூடியூப் வீடியோ பார்த்துப் பழகுகிறவர்கள், மேடை நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஆரம்பப் பாடமாகத் தேடிப் பாருங்கள். இடுப்பில் சலங்கையோ காசுப் பட்டையோ கட்டினால் அசைவு காதில் கேட்கும், பழக உதவும், கட்டாயமில்லை.

சிலர் முதலில் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், சிசேரியன் ஆகி நாளாகாதவர்கள், கர்ப்பப்பை கீழே இறங்குவதுபோல் உணர்கிறவர்கள், இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறவர்கள் கிளினிக்கில் குடும்பநல மாதுவிடமோ டொக்டரிடமோ பேசுங்கள். இடுப்புத்தளத் தசைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவில் சொல்லித்தருவார்கள்; ஆட்டம் அதற்கு மாற்றாகாது. இரத்தச்சோகை நம் பெண்களிடம் அதிகம். படி ஏறினாலே தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆடும்போது தசை இழுப்பதும் மறுநாள் லேசாக வலிப்பதும் சகஜம். காலுக்குள் மின்னல்போல் இறங்கும் வலியோ மரத்துப்போவதோ வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரைப் பாருங்கள். அதோடு சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சேர்ந்து ஆட நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஆண்கள் வெளியே போயிருக்கும் ஏதாவது ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருத்தி தாளம் போடட்டும், மற்றவர்கள் ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடட்டும். பெரியம்மா முறையில் வயதானவர்கள் வந்தால் ஒரு நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்தபடி நெஞ்சு அசைவையும் கை அசைவையும் பழகச் சொல்லுங்கள். ஒரே ஒரு விஷயத்தை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்: பாட்டுப் போடும் போனைத் தவிர வேறு போன் வெளியே வரக்கூடாது, யாரும் யாரையும் வீடியோ எடுக்கக்கூடாது. அந்த நம்பிக்கை இருந்தால் கூச்சப்படுகிறவளும் இரண்டாவது வாரம் தானாகவே எழுந்து நிற்பாள்.